பூந்தி மரத்தை வெட்டாதீர்கள்: நம் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மடப்பள்ளிக்குப் பின்னால் நிற்கும் பூந்திக்கொட்டை மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். குடமுழுக்குத் திருப்பணியோடு சேர்த்து இதையும் முடித்துவிடத் திட்டம் என்று கேள்விப்பட்டேன். காரணமாக மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள்: குப்பை விழுகிறது, காய் வழுக்குகிறது, மரத்தால் எந்தப் பயனும் இல்லை. முதல் இரண்டும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மூன்றாவது வரியை என்னால் ஏற்க முடியாது.

அம்மனுக்குச் சாத்தும் பட்டுப்புடவைகளையும் உற்சவர் முருகனின் பட்டு வேட்டிகளையும் யார் துவைக்கிறார்கள், எதைப் போட்டுத் துவைக்கிறார்கள் என்று உங்களில் ஒருவராவது விசாரித்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. நாங்கள் சில பெண்கள் சேர்ந்து துவைக்கிறோம். சம்பளம் கேட்டதில்லை. சோப்பும் கேட்டதில்லை, ஏனென்றால் அதை மரம் தந்துவிடுகிறது. என் பாட்டி இந்த வேலையைச் செய்தார், அப்புறம் அம்மா, இப்போது நான்.

பாட்டி வண்ணான்துறையில் வாழ்ந்தவர். பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் துணி வெளுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை, பெருமைதான். டவுனில் இருந்து மூட்டை மூட்டையாக வரும் வெள்ளைத் துணிகளைச் சோடாவில் வேகவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு விரித்த கைகள் அவை. ஆனால் மூட்டையில் ஒரு பட்டு வந்துவிட்டால் அது தனியாகப் போகும். பட்டுக்குக் கல்லும் ஆகாது, சோடாவும் ஆகாது, முறுக்கிப் பிழிவதும் ஆகாது என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பட்டுக்கென்று ஒரு மண்சட்டி, அதில் ஊறும் பூந்திக்கொட்டை. ஆலயத்துப் பட்டுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள் என்றால் அந்தக் கைப்பக்குவத்துக்காகத்தான்.

மரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை, நெய்க்கொட்டான் என்றெல்லாம் சொல்லும் மரத்தின் நெருங்கிய சொந்தம் இது. அங்கே காய் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இங்கே பெரும்பாலும் தனித்தனி உருண்டை, பழுத்தால் தோல் சுருங்கிக் கருத்துப் போகும். மலாய்க்காரர்கள் லேராக் என்பார்கள். ஜாவாவில் பாத்தேக் துணியின் சாயம் போகாமல் துவைப்பதற்கு இன்றும் இதைத்தான் நம்புகிறார்கள். நாம் கூடை கூடையாக வாங்கித் தின்னும் ரம்புத்தான், புலாசான், லோங்கான், லைச்சி எல்லாம் இந்த மரத்தின் குடும்பம். தாவரவியலில் அந்தக் குடும்பத்துக்கே இந்த மரத்தை வைத்துத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த நம் முன்னோருக்கு இது புதிய மரமாகத் தெரியவில்லை. காயைக் கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்ததும் நுரை சொல்லிவிட்டது.

துவைக்கும் முறையை எழுதுகிறேன். பயன் எது என்று கேட்ட உங்களுக்கு அதுதான் பதில். காய்ந்த காயை உரலில் மெல்லத் தட்டினால் தோல் பிளந்து உள்ளேயிருந்து கறுப்புக் கொட்டை உருண்டு வெளியே வரும். கொட்டை நமக்கு வேண்டாம், குழந்தைகள் சொட்டாங்கல் ஆட எடுத்துக்கொள்வார்கள். வேலை செய்வது தோலும் அதில் ஒட்டியிருக்கும் பிசின் போன்ற சதையும்தான். ஒரு புடவைக்கு இரண்டு கைப்பிடி தோல் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் தண்ணீர் வெளிர்த்த தேநீர் நிறத்தில் இருக்கும், லேசான புளித்த வாடை வரும். அதைக் கையால் பிசைந்தால் நுரை பொங்கும். சல்லாத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரோடு கலந்து, புடவையை அதில் முக்கி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட்டால் போதும். எண்ணெயும் நெய்யும் தானாகப் பிரிந்து, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கும். நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் பருத்தித் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் காயவிடுவோம். சாற்றை எடுத்து வைக்க முடியாது, இந்த வெக்கையில் இரண்டு நாளில் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊறவைக்கிறோம்.

காய் காய வைப்பதும் ஒரு வேலை. பினாங்கு மழையில் ஈரம் துளி தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் வந்தால் பாயில் பரப்பி, மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளி, நன்றாகக் காய்ந்த பிறகு பிஸ்கட் டின்னில் அடைத்து வைப்போம். அப்படி வைத்தால் அடுத்த காய்ப்பு வரை தாங்கும்.

இப்போது சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அம்மனின் புடவைகளில் சிலவற்றை வெளியே ஒரு சலவைக் கடைக்கு அனுப்பினீர்கள். சாதாரணச் சலவைத் தூள் போட்டு இயந்திரத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். சந்தன நிறத்தில் இலைப்பச்சைக் கரை போட்ட காஞ்சிபுரம் ஒன்று, பச்சைச் சாயம் உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக இறங்கி வந்தது. ஜரிகை மங்கிவிட்டது. தொட்டால் பட்டு மாதிரியே இல்லை, காகிதம் போல் சரசரத்தது. முந்தானை மடிப்பில் விரித்தபோதே கிழிந்தது. ஒரு பக்தை மகளின் கல்யாணம் நடந்ததற்காக நேர்ந்து கொடுத்த புடவை அது. வஸ்திர அறையின் கீழ்த்தட்டில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். குழுவில் இருப்பவர்கள் வந்து கையால் தொட்டுப் பாருங்கள். அப்படியே மேல்தட்டையும் பாருங்கள். போன குடமுழுக்கின்போது வந்த அரக்குச் சிவப்புப் புடவை அங்கே இருக்கிறது. அதற்கு 12 ஆண்டுகளாகப் பூந்திக்கொட்டையைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. இந்தத் தைப்பூசத்துக்கும் அதைத்தான் சாத்தினோம்.

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. பட்டு நூல் புரதத்தால் ஆனது. கடையில் விற்கும் பல சலவைத் தூள்களில் பால், முட்டை, இரத்தம் போன்ற புரதக் கறைகளைக் கரைக்க நொதிகளைச் சேர்த்திருப்பார்கள். கறையைத் தின்னும் நொதிக்குக் கறை எது, பட்டு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தூளில் இருக்கும் சோடா போன்ற காரம் சாயத்தையும் இளக்கிவிடும். பூந்திக்கொட்டைத் தோலில் இருப்பது சபோனின் என்ற பொருள். நுரைக்க வைப்பதும் எண்ணெயைப் பிரித்து எடுப்பதும் அதுதான். அதன் கரைசலில் காரம் இல்லை, சற்றே புளிப்புத் தன்மைதான். அதனால் பட்டுக்கும் கம்பளிக்கும் அது இதமாக இருக்கிறது. இந்தியாவில் பழைய பட்டுத் துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர்களும் இதைப் பயன்படுத்துவது உண்டு.

இதால் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் கறை இதற்கும் முழுதாகப் போகாது. போக வைக்கிறேன் என்று பிளீச் போட்டால் கறைக்கு முன்னால் பட்டு போய்விடும். ஆனால் ஆலயத் துணியில் சேர்வது பெரும்பாலும் எண்ணெய், நெய், சந்தனம், கற்பூரப் புகை. அதற்கு இதை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

துணி மட்டும் இல்லை. அம்மனின் நகைகளையும் வெள்ளிக் கவசத்தையும் திருவிழாவுக்கு முன் சுத்தம் செய்வது இந்தச் சாற்றில்தான். பித்தளைக்குப் புளி, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பூந்திக்கொட்டை என்று பிரித்து வைத்திருக்கிறோம். புளியும் சாம்பலும் போட்டு நகையைத் தேய்த்தால் கல் பதித்த இடம் தளரும், பூச்சு தேயும். பூந்திச் சாற்றில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் வருடினால் கல்லுக்கு அடியில் இறுகிப்போன சந்தனம்கூட இளகி வரும். கவசம் கறுத்துவிட்டால் அதற்கு வேறு பக்குவம் வேண்டும், இது போதாது. ஆனால் பிசுக்கு எடுக்க இதுவே போதும். பினாங்கு ஸ்திரீட் பக்கம் பட்டறை வைத்திருந்த, நகை செய்யும் பத்தர்கள் இதே மரத்துக் காயை வாங்கிப் போனதாக அம்மா சொல்வார். பட்டறைப் பேசினில் எப்போதும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் இருக்குமாம்.

வீட்டு உபயோகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காயோடும் அரப்போடும் சேர்த்து அரைக்க, சுற்று வட்டாரத்துப் பாட்டிமார் பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வருவது உங்களுக்கே தெரியும். குழந்தையின் கம்பளிச் சட்டை, கல்யாணப் பட்டு, கல் வைத்த அட்டிகை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்குமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கிடைக்கும், இந்தியாவில் இருந்து கப்பலேறி வருகிறது. நம் வாசலில் இலவசமாக விழுவதை வெட்டிவிட்டு, கப்பலில் வருவதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களா?

சரி, உங்கள் குறைகளுக்கு வருகிறேன். சென்ற வருடம் மழையில் ஒரு பெரியவர் காயை மிதித்து வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு பிசகிவிட்டது. அவரைத் தூக்கிக் காரில் ஏற்றியது நாங்கள்தான். அந்தக் காயின் வழவழப்பு எவ்வளவு ஆபத்து என்று தினம் அதைக் கையாளும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் காய் விழும் பருவத்தில் மரத்தடி வழியை ஒரு கயிறு கட்டி மறிக்கச் சொல்லி நாங்கள் கேட்டது அதற்கும் முந்திய ஆண்டு. அது செய்யப்படவில்லை. பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களில் மரத்துக்கு அடியில் வலை கட்டி, விழும் பழத்தை அந்தரத்திலேயே பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டுரியானைத் தாங்கும் வலை பூந்திக்கொட்டையைத் தாங்காதா? வலை கட்டினால் காய் தரைக்கு வராது, மண் ஒட்டாது, யாரும் வழுக்க மாட்டார்கள், பொறுக்கும் வேலையும் எங்களுக்கு மிச்சம்.

குழந்தைகள் வாயில் போட்டுவிடுவார்கள் என்றும் கூட்டத்தில் பேசப்பட்டதாம். சாப்பிடக் கூடாத காய்தான். வாயில் பட்டால் கசக்கும், விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், சாறு கண்ணில் பட்டால் நன்றாக எரியும். மீனுக்கும் ஆகாது, பழைய காலத்தில் இந்த இனத்துக் காயை நசுக்கி நீரில் போட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஊறவைத்த தண்ணீரை நாங்கள் ஒருபோதும் தாமரைத் தொட்டியில் கொட்டுவதில்லை. இதையெல்லாம் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒரு பலகை வைக்கலாம். அரளிச் செடிக்கு நச்சு உண்டு, அதற்காக நந்தவனத்து அரளியை நாம் பிடுங்கிப் போடவில்லை, பூப்பறித்து மாலை கட்டுகிறோம்.

வேர் வடிகாலைப் பிளக்கிறது என்ற புகாரை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதை யார் பார்த்துச் சொன்னது? மரம் தெரிந்தவர் யாரும் வந்து பார்த்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. சிமெண்ட் போட வந்த ஒப்பந்தக்காரர் மரத்தைப் பற்றிச் சொல்வதை வைத்து மரத்தின் ஆயுளை முடிக்கக் கூடாது.

ஒரு சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூர் திட்ட அதிகாரிகளின், நம் ஊரில் மாநகர் மன்றத்தின், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்கிறது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த மரம் பட்டுப்போகவும் இல்லை, சாயவும் இல்லை. அடிமரத்தில் கயிறு சுற்றிப் பார்த்தோம், ஒரு மீட்டரைத் தாராளமாகத் தாண்டுகிறது. மாநகர் மன்றத்தின் அனுமதிக் கடிதம் உங்களிடம் இருக்கிறதா என்று செயலாளரிடம் நேரில் கேட்டேன். பார்க்கிறேன் என்றார். இதுவரை காட்டவில்லை.

வெட்டினால் என்ன, வேறு இடத்தில் ஒரு கன்று நட்டுவிடலாம் என்று இளைஞர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். தம்பி, இந்தக் கொட்டையின் ஓடு கல்லு மாதிரி. முளைப்பதே தாமதம். முளைத்து வளர்ந்து காய்க்கப் பத்து ஆண்டு போல் ஆகிவிடும். அதுவரை அம்மன் புடவையை எதில் துவைப்பது? அடுத்த குடமுழுக்கே வந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஆலயத்தில் மேளக்காரரைக் கேட்டு மேடை கட்டுகிறீர்கள், குருக்களைக் கேட்டு யாகசாலை அமைக்கிறீர்கள், ஸ்தபதி சொல்லாமல் ஒரு சுதைக்குக்கூட வர்ணம் பூசுவதில்லை. அதுதான் முறை. ஆனால் துணி துவைக்கும் பெண்களுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டீர்கள். எங்கள் பாட்டிமார் ஆற்றங்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டதும் ஒரு வித்தைதான். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது நம் ஆலயத்திலும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். பாரம்பரியம் என்று அன்று பேசியவர்கள் கோபுரத்தையும் தேரையும் சொன்னார்கள். மடப்பள்ளிக்குப் பின்னால் நடக்கும் இந்த வேலையும் அதில் சேர்த்திதான் என்று நான் நம்புகிறேன்.

எனவே நாங்கள் கேட்பது இவை.

மரத்தை வெட்டும் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். நிறுத்தியதை அதே அறிவிப்புப் பலகையில் எழுத்தில் போடுங்கள், ஒப்பந்தக்காரருக்கும் கடிதம் கொடுங்கள். வாய்வார்த்தை போதாது.

வேர், கிளை, வடிகால் மூன்றையும் தகுதியுள்ள மரநிபுணர் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை தரட்டும். தாவரவியல் பூங்காவில் இருப்பவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம், 1884இல் இருந்து மரம் வளர்க்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அறிக்கை எப்படி வந்தாலும் அதை உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கக் கொடுங்கள். மாநகர் மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் அதன் நகலையும் காட்டுங்கள்.

கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது உண்மைதான். மண்டபத்தின் இடப்பக்கம் பழைய நாற்காலிகளும் உடைந்த பந்தல் கம்பிகளும் கிடக்கும் இடத்தை முதலில் காலி செய்து பாருங்கள். அங்கே எத்தனை கார் நிற்கும் என்று அளந்துவிட்டு அப்புறம் மரத்தடிக்கு வாருங்கள்.

வலை கட்டவும் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் அனுமதி கொடுங்கள். வலைக்கான செலவை நாங்களே திரட்டிக்கொள்கிறோம், ஆள் வைத்துக் கட்டும் பொறுப்பும் எங்களுடையது. காய் விழும் வாரங்களில் காலையிலும் மாலையிலும் மரத்தடியைக் கூட்டுவதற்கு முறை போட்டுப் பெயர்ப்பட்டியல் தருகிறோம்.

இனி ஆலயப் பட்டுகளை எங்களைக் கேட்காமல் வெளியே அனுப்ப வேண்டாம். துணி, நகை, கவசம் சம்பந்தமான எந்த முடிவிலும் துவைக்கும் குழுவில் இருந்து ஒரு பெண் கூட்டத்தில் உட்கார வேண்டும். கற்றுக்கொள்ள விருப்பமுள்ள இளம்பெண்களும் பையன்களும் வந்தால் நவராத்திரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். அதற்கு மடப்பள்ளித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் போதும்.

இந்த மடலை வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதற்குள் மரத்தடிக்கு ஒரு ரம்பமும் வரக் கூடாது.

இப்படிக்கு,
ஆலயப் பட்டுகளைத் துவைக்கும் பெண்களில் ஒருத்தி,
பினாங்கு